அல்கனெஷின் பானை

அஸ்னாக்கு: அத்தான், முதல்ல இந்த நாயைப் பிடிங்க! எத்தனை வருஷமா வந்து போறேன், இன்னமும் திருடியைப் பார்த்த மாதிரியே குரைக்குது.

மெங்கெஷா: புச்சி, உள்ளே போ!... அது யாரைப் பார்த்தாலும் அப்படித்தான். நீ பின்கட்டுக்கு வா. வாசல்ல நின்னு பேசற விஷயமில்லை.

அஸ்னாக்கு: போன்ல குரலே சரியில்லையே. உடம்புக்கு ஏதாவதா?

மெங்கெஷா: எனக்கு ஒண்ணுமில்லை. பானை பேச மாட்டேங்குது.

அஸ்னாக்கு: என்னது?

மெங்கெஷா: தேன்கள்ளு ஊத்தி வச்சா ரெண்டு மூணு நாள்லயே புஸ்புஸ்னு பேச ஆரம்பிக்கும்னு உங்கக்கா சொல்லுவா. இது ஒரு வாரமா வாயே திறக்கலை. காதை வச்சுக்கூடக் கேட்டுட்டேன்.

அஸ்னாக்கு: கோண்டார் கோர்ட்டுல எத்தனை பேரைப் பேச வச்ச ஜட்ஜ்! கடைசியில ஒரு பானைகிட்ட வாக்குமூலம் வாங்க முடியலை.

மெங்கெஷா: கேலியெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை அவளோட நாற்பதாம் நாள். பாதிரியார் வருவார், தெரு முழுக்க வரும், சாவுச் செலவுக்குப் பணம் சேர்க்கற சங்கத்துக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க. நான் வேற எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்...

அஸ்னாக்கு: சொன்னீங்களா? முழங்கினீங்க! மண்ணுகூட மூடி முடிக்கலை. "என் மனைவியின் நினைவு விருந்தில், அவள் கைபட்ட அதே பானையில், என் கையால் ஆக்கிய தேன்கள்ளையே நீங்கள் அருந்துவீர்கள்!" என் பக்கத்துல ஒப்பாரி வச்சுக்கிட்டிருந்த பொம்பளை அழறதை நிறுத்திட்டு உங்களையே பார்த்தா.

மெங்கெஷா: கொஞ்சம் நீண்டுபோச்சு.

அஸ்னாக்கு: ஆம்பளை அடுப்படிப் பக்கமே போகாத ஊர்ல. அதுலயும் வெந்நீர் வைக்கத் தெரியாத ஆம்பளை.

மெங்கெஷா: வெந்நீர் வச்சேனே. அதுதான் முதல்ல பண்ணினேன்.

அஸ்னாக்கு: எதுக்கு?

மெங்கெஷா: தண்ணியைக் கொதிக்க வச்சேன். அப்புறம் அதுலயே தேனையும் விட்டுக் கொதிக்க வச்சேன். நல்லா. நுரையெல்லாம் எடுத்துட்டேன்.

அஸ்னாக்கு: தேனையா... கொதிக்க வச்சீங்களா?

மெங்கெஷா: கிருமி இருக்குமே!

அஸ்னாக்கு: ஐயோ அத்தான், அந்தக் கிருமிதானே வேலையே பார்க்குது. வேலைக்காரங்க அத்தனை பேரையும் கொன்னுட்டு, வேலை நடக்கலைன்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. சரி, கசப்பு ஏறிப் பொங்கறதுக்குக் கெஷோச் செடி போட்டீங்களா?

மெங்கெஷா: அதை மறப்பேனா? நல்லா கை நிறைய அள்ளிப் போட்டேன். பச்சைப் பசேல்னு இலை.

அஸ்னாக்கு: இலையா! இலை வாற்கோதுமைக் கள்ளுக்குப் போடறது. தேனுக்குக் குச்சிதான்.

மெங்கெஷா: கடைக்காரி கேட்கவே இல்லையே.

அஸ்னாக்கு: ஜட்ஜய்யாகிட்ட யார் எதிர்க் கேள்வி கேட்பா?

மெங்கெஷா: ...உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அஸ்னாக்கு: எனக்கா? அக்கா பண்ணறப்போ... கூட நின்னு பார்த்ததுதான்.

மெங்கெஷா: ஆமா. நீ கூட நின்னிருப்பே.

அஸ்னாக்கு: மூடியைத் தள்ளுங்க, பார்ப்போம். ...ம்.

மெங்கெஷா: என்ன 'ம்'?

அஸ்னாக்கு: ஒண்ணுமில்லை. சில்லுனு கிடக்கு. மழைக் காலத்துல வெறும் தரையில வச்சா எப்படிப் பொங்கும்? ...பானைக்குப் புகை காட்டினீங்களா? ஆலிவ் கட்டைப் புகை?

மெங்கெஷா: காட்டணுமா? இத்தனை வருஷம் அவ தேன்கள்ளு பண்ணின பானை. பழைய வாசனையே சுவத்துல ஊறியிருக்காதா?

அஸ்னாக்கு: ஊறியிருக்கும்... இருக்கணும்தான்...

மெங்கெஷா: என்ன அப்படிக் கையை விட்டுத் தடவறே?

அஸ்னாக்கு: சும்மா. பொங்கிப் பொங்கி இறங்கின பானைன்னா கழுத்துக்குக் கீழே ஒரு நுரைக் கறை வளையமா...

மெங்கெஷா: சோப்பு போட்டேன்.

அஸ்னாக்கு: ஆங்?

மெங்கெஷா: பானைக்கு. துணி சோப்பு. நல்லா அழுத்தித் தேய்ச்சேன். கறை, வாசனை எல்லாம் அதுல போயிருக்கும். என் தப்புதான்.

அஸ்னாக்கு: சோப்பு வாசனையே காணோமே.

மெங்கெஷா: நல்லா அலசினேன்.

அஸ்னாக்கு: ...ஆமா. மண்பானை. சோப்பு பட்டா எல்லாமே போயிடும். இருக்கற கறைகூட இல்லாத மாதிரி ஆயிடும்.

மெங்கெஷா: அதேதான்.

அஸ்னாக்கு: அக்கா மேல தப்பில்லை.

மெங்கெஷா: அவ மேல தப்புன்னு யாரு சொன்னா?

அஸ்னாக்கு: யாரும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்... அத்தான், இதைத் தூரக் கொட்டிடுங்க. கோயிலுக்குப் பின்னால வகாயெ கடையில நாலு குடம் சொல்லிடறேன். இந்தப் பானையில ஊத்தி வச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?

மெங்கெஷா: கூடாது.

அஸ்னாக்கு: சங்கத் தலைவரே அன்னைக்கு அதைத்தானே சொன்னார்? "ஜட்ஜய்யா கவலைப்பட வேண்டாம், வகாயெ கடையிலேயே சொல்லிடலாம்"னு?

மெங்கெஷா: அந்த ஆள் அப்படிச் சொன்னதாலதான் நான் எழுந்து நின்னு முழங்கினதே.

அஸ்னாக்கு: உங்க கௌரவம் உங்களுக்கு! துக்கத்துலயுமா?

மெங்கெஷா: என் கௌரவம் பென்ஷன் வாங்கிட்டுப் போயாச்சு. இதுக்குக் காரணம் வேற.

அஸ்னாக்கு: வேறன்னா?

மெங்கெஷா: நாக்கு, அஸ்னாக்கு. அந்தச் சங்கத்துக்காரங்க நாக்கு.

அஸ்னாக்கு: புரியலை.

மெங்கெஷா: விடு. இதைப் பிழைக்க வைக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு.

அஸ்னாக்கு: முடியும்... இலையை எல்லாம் அரிச்சு எடுத்துட்டுக் குச்சியை ஒடிச்சுப் போடணும். பானையைக் கம்பளியில சுத்தி அடுப்புப் பக்கம் வைக்கணும். அப்புறம், எங்கேயாவது பொங்கிக்கிட்டிருக்கற தேன்கள்ளுல ஒரு குவளை வாங்கிட்டு வந்து இதுல விடணும். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி.

மெங்கெஷா: அதைச் செய்.

அஸ்னாக்கு: ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள அரைகுறையாத்தான் இருக்கும். பாதி சர்க்கரைத் தண்ணி, பாதி இலைக் கசப்பு. நல்லா இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்.

மெங்கெஷா: நல்லா இருக்க வேண்டாம்.

அஸ்னாக்கு: என்ன சொல்றீங்க?

மெங்கெஷா: முதல் மடக்கு குடிச்சுட்டு முகத்தைச் சுளிக்கட்டும். "அல்கனெஷ் கை எங்கே, இந்த ஆள் கை எங்கே"ன்னு சொல்லிட்டுப் போகட்டும். தெருவுல போறப்போ என்னைச் சொல்லிச் சிரிக்கட்டும்.

அஸ்னாக்கு: எதுக்கு அத்தான் இந்தத் தலையெழுத்து? வகாயெகிட்ட வாங்கினா...

மெங்கெஷா: வாங்கினா? இந்தப் பானையில ஊத்தினாலும் நான் ஆக்கினதுன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான், வகாயெ கடைச் சரக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். வாயில ஊத்தினதும் என்ன சொல்லுவாங்க? "அட, இது அப்படியே அல்கனெஷ் கைப்பக்குவமா இருக்கே"ம்பாங்க. அப்புறம் ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்ப்பான்.

அஸ்னாக்கு: ஐயோ, அக்கா!

மெங்கெஷா: அழாதே. பானைக்குள்ள விழப் போகுது. ஏற்கெனவே அதுல எல்லாம் தப்பு.

அஸ்னாக்கு: கல்யாணமான வருஷம், மாமியார் விருந்து. அவ ஊத்தி வச்சது காடியாப் புளிச்சுப்போச்சு. என்னைத்தான் வகாயெ கடைக்கு ஓட விட்டா. உங்கம்மா குடிச்சுட்டு ஊர் முன்னாடி அவ கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறது?... கடைசியா ஆஸ்பத்திரியிலகூட என்கிட்ட அதைத்தான் சொன்னா. "அவருக்கு மட்டும் தெரியக் கூடாதுடி"ன்னு.

மெங்கெஷா: எனக்குத் தெரியாதுன்னே நினைச்சுக்கிட்டுப் போனாளா?

அஸ்னாக்கு: நிம்மதியாப் போனா. ...அத்தான், உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?

மெங்கெஷா: ஒவ்வொரு விருந்துக்கும் முதல் நாள், பொழுது சாயற நேரத்துல, பின்வாசல் வழியா நீ குடத்தைச் சுமந்துக்கிட்டு வருவே. அன்னைக்கு மட்டும் ஒரு தடவையாவது இந்த வீட்டு நாய் குரைச்சிருக்கா? தொழுவத்துக்குள்ள அது வாயைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாருன்னு நினைச்சே?