சின்னப் பெட்டியில் மழை

ஹலோ... ஹலோ, குட்டி, அண்ணன்தான். ... ஆமா ஆமா, மாடிப்படியில நிக்கிறேன், அதான் எதிரொலிக்குது. ... ஆபீசுக்குள்ள பேச முடியாது, கைதட்டிக்கிட்டிருக்காங்க. ... எனக்குத்தான். நீ முதல்ல உக்காரு. ... உக்காந்துட்டியா? ... பொய் சொல்லாத, பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது.

சரி. நம்ம வீடியோ கேமுக்கு சின்ன கன்சோல்லயும், அதான் அந்தச் சின்ன கேம் பெட்டியிலயும், ரிலீஸ் தேதி வெளிய போயிடுச்சு. ... ஆமா, போயிடுச்சு. ... யாரா? நான்தான். ஆன்லைன் ஸ்டோர்ல நம்ம கேம் பக்கம் எப்படியிருக்குன்னு சும்மா திறந்து பாத்தேன், தண்ணி கொட்டிடுச்சு. லேப்டாப்பைக் கைக்குட்டையால துடைச்சேன், 'வெளியிடு'ங்கிற பட்டன் அமுங்கிடுச்சு. ... கேட்டுச்சு, 'உறுதியா?'ன்னும் கேட்டுச்சு. அப்பவும் துடைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ... சிரிக்காத. ... சரி சிரி, ஆனா சீக்கிரம் சிரிச்சு முடி.

... இல்ல, தவறி அமுங்குனதுன்னு இவங்களுக்குத் தெரியாது. கேமுக்குப் படம் வரையிற நம்ம ஓவியக்காரர் தோளைத் தட்டி, இவ்வளவு துணிச்சல் உங்ககிட்ட இருக்கும்னு நெனைக்கவே இல்லைன்னாரு. இருந்த வேலையை விட்டுட்டு நம்மளை நம்பி வந்த மனுஷன். ஈரக் கைக்குட்டையைப் பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன் குட்டி.

... தெரியும், தெரியும், பெரிய கன்சோல்ல தடங்கல் இல்லாம ஓடுது. ஓடி? அங்க வாராவாரம் வண்டி வண்டியா கேம் வந்து இறங்குது, நம்மளது கடல்ல கரைச்ச பெருங்காயம். சின்னதுல ஆள் கம்மி, ஆனா நம்ம மாதிரி கேமைத் தேடிப் பிடிச்சு வாங்குறவங்க அங்கதான இருக்காங்க. நாலு காசு பாக்கணும்னா அங்கதான். இப்பவே முன்பதிவு ஏறிக்கிட்டு இருக்கு. ... ஏறட்டுமா? முதல் தடவையா நமக்கு வியாபாரம் நடக்குது, நான் அந்த எண்ணிக்கையைப் பாக்காம லேப்டாப்பை மூடி வெச்சுட்டு வந்துட்டேன்.

... ஆங், அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். கேமுக்குள்ள பெய்யுற அந்த மழை. சின்ன கன்சோல்ல மழை பெஞ்சா கேம் அப்படியே உறைஞ்சு நிக்குமே, சரியாயிடுச்சா? ... 'பாக்கலாம்'னா? ... இல்லம்மா, போன மாசமும் பாக்கலாம், அதுக்கு முந்தியும் பாக்கலாம். நீ கேம் எழுதணும், நான் விக்கணும், அதான நம்ம ஒப்பந்தம். எதை விக்கிறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? ... மழையை எடுத்துட்டா? ... ஆமா, மழை வந்தாத்தான் ஆறு நிறையும், ஆறு நிறைஞ்சாத்தான் படகு நகரும். எடுத்தா அப்புறம் கேம் எங்க. புரியுது, புரியுது.

கேளு. அந்த கன்சோல் கம்பெனி மேடம் இப்ப போன் பண்றேன்னு மெசேஜ் போட்டுட்டாங்க. அவங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்க, ஓடாத கேமை வித்தா வாங்குனவங்க பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு நம்மளை மூட்டை கட்டச் சொல்லிடுவாங்களாம். அடுத்த கேமுக்கும் கதவு கிடையாதாம். ... இன்னிக்கே தேதியைத் திரும்ப எடுத்துட்டா, ஸ்டோர் முகப்புல நமக்குக் கொடுத்த இடம் மட்டும் போகும். ... ஆமா, 'மட்டும்'. அந்த இடத்தைக் காட்டித்தான் ஓவியக்காரரை வேலையை விட வெச்சேன்.

... இரு, இன்னொரு கால் வருது. அவங்கதான். ... எடுக்கல. எடுத்து என்னத்தைச் சொல்ல? குட்டி, ஓடுமா, ஓடாதா? ... ஹலோ? ... அழுறியா? ... என்னது, எனக்குப் பயந்தா? என்னைப் பாத்து நம்ம வீட்டுப் பூனைகூட இடம் விட்டு நகராது, நீ பயந்தியா? ... ஓ. ... ம். ... ரெண்டு கன்சோல்லயும் வருதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அதைக் கெடுக்க மனசு வரலையா. ... ம். சரி, மூக்கைச் சிந்து. ... இப்ப சொல்லு.

...

ஓடாது.

... எவ்வளவு மெனக்கெட்டாலும் அந்த மெஷின் தாங்காதுங்கிற. ... சரிம்மா. ... கோபமெல்லாம் இல்ல. ... கைக்குட்டையா? இன்னும் ஈரம்தான். ஆனா வெளிய எடுத்துட்டேன். ... ஓவியக்காரர்கிட்ட நீ சொல்றியா? வேணாம், துடைச்சது நான், நானே சொல்லிக்கிறேன். ... மறுபடியும் அந்த மேடம் கால் வருது. எடுத்ததும் இப்படித்தான் சொல்லப் போறேன்: 'ஓடாது, தேதியைத் திரும்ப எடுத்துக்கிறோம்.' ... நேராத்தான சொன்னேன்? ... ம். வைக்கிறேன்.