இருநூற்றுப் பதினான்காம் எண்ணை நீக்க விடாதவருக்கு

தலாகொல்லாவ நீர் ஆய்வு நிலையத்தின் புள்ளியியல் பிரிவைத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை தாங்கி நின்றவரும், எங்கள் பெருமைக்கும் பல நேரங்களில் எங்கள் பயத்துக்கும் உரியவரும், ஐயத்தையே அறமாகக் கொண்டவருமான திருமதி மல்காந்தி ஏக்கநாயக்க அவர்களுக்கு, பணி நிறைவு நாளில் உடன் பணியாற்றியோர் கனத்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல்.

எண்ணை மதித்தவரே, எண்ணிப் பார்க்காமல் எதையும் ஏற்காதவரே, வணக்கம்.

இந்த மடலின் முதல் நகலில் 'நோயின் காரணம் கண்டறிந்த நுண்மதியே' என்றுதான் உங்களை விளித்திருந்தோம். கண்ணாடிச் சட்டம் போடக் கொடுப்பதற்கு முன் உங்களிடம் காட்டினோம். "கண்டுபிடிக்கலையே. எதுக்குப் பொய் எழுதுறீங்க?" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டீர்கள். தன் பாராட்டிலேயே பிழை திருத்திய பெருமாட்டி இந்தத் தீவில் வேறு யாரும் இருக்க மாட்டார். ஆகவே அடித்தது போக மிஞ்சிய உண்மையை மட்டும் சொல்கிறோம்.

நம் பக்கத்தில் வயலில் இறங்கி உழைக்கிறவர்களின் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கிணறு என்பார் ஒருவர், உரம் என்பார் இன்னொருவர், வெயில் என்பார் மற்றொருவர். நீங்கள் மட்டும், "தெரியலை, அளந்து பார்ப்போம்" என்றீர்கள். தினமும் காலையில் அளவு தெரிந்த கரைசலை இயந்திரத்துக்குக் கொடுத்து, அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் தேநீரில் வாய் வைத்ததில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒருமுறை நம் தவராசா சொல்லிவிட்டார். "கிண்டிவிட்டு எடுத்தீங்களா, மேலாக எடுத்தீங்களா?" என்று நீங்கள் கேட்டதிலிருந்து அவர் பழமொழி சொல்வதையே விட்டுவிட்டார்.

வடிகட்டிய தண்ணீர் கொடுத்தால் நோய் குறையுமா என்று பார்க்கும் ஆய்வு வந்தபோது, கறாரான விதி ஒன்றை வகுத்தீர்கள். இரத்தக் குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும். பெயர்கள் மருத்துவமனையில் இருக்கும். ஆய்வு முடியும்வரை நம்மில் யாரும் பெயர் கேட்கக் கூடாது. இரத்தத்தில் சிறுநீரகக் கழிவின் அளவு ஆபத்தான கோட்டைத் தாண்டினால் அந்த எண்ணை மருத்துவமனைக்கு அனுப்புவோம், ஆளைக் கூப்பிடுவது அவர்கள் பொறுப்பு. உங்கள் ஊரும் அந்த ஆய்வில் இருந்தது. உங்கள் தம்பி கருணாதாசவும் இரத்தம் கொடுத்தார். எந்த எண் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் விரும்பவும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் இருநூற்றுப் பதினான்கு என்ற எண் திடீரென மற்ற எல்லாவற்றையும் விட்டு மேலே போனது. வடிகட்டிய தண்ணீர் குடிக்கிற ஆள். அந்த ஒரு புள்ளி இருந்தால் தண்ணீரால் பயன் உண்டென்று சொல்ல முடியவில்லை. எடுத்துவிட்டால் சொல்ல முடிந்தது. ஊர்தோறும் தண்ணீர் வடிகட்டி வைக்கும் திட்டத்தின் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அன்றைய பணிப்பாளர் கூட்டத்தில் மெதுவாகக் கேட்டார்:

"மிஸ், ஒரே ஒரு நம்பர். மிஷின் தப்புன்னு எடுத்துட்டா எல்லாம் சரியா வருது."

"சரியா வருதா சேர், நமக்குப் பிடிச்ச மாதிரி வருதா?"

அந்தக் குப்பியை மறுபடி சோதிக்க வைத்தீர்கள். வேறு இயந்திரத்திலும் பார்க்க வைத்தீர்கள். அளவு மாறவில்லை. "இந்த ஆள் யாருன்னு தெரியாது. ஆனா அவரோட இரத்தம் பொய் சொல்லலை. எடுக்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டீர்கள். எண் நின்றது, பந்தல் நின்றுபோனது. உங்கள் பதவி உயர்வும் அத்தோடு நின்றது என்பதை இந்தச் சபையில் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை.

அந்தப் புத்தாண்டுக்கு நீங்கள் ஊருக்குப் போனபோது தம்பியின் கால் வீங்கியிருந்தது. ஏன் என்று கேட்டீர்கள். "ரொம்ப நேரம் சேத்துல நின்னேன் அக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றார். பாற்சோறு பரிமாறினீர்கள், பேச்சு வேறு பக்கம் போனது. எதையும் இரண்டு முறை அளக்காமல் நம்பாத நீங்கள் அளக்காமல் நம்பியது அந்த ஒரு சொல்லைத்தான்.

மருத்துவமனை அவரை அதற்கு முன்பே கூப்பிட்டிருந்தது. தாதியிடம் அவர் சொன்னது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது: "அக்கா அங்கதான் கணக்குப் பாக்குறா, மிஸ். எனக்குன்னு தெரிஞ்சா அவளுக்குக் கை ஓடாது. சொல்லிடாதீங்க." உங்களுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். அடுத்த விதைப்புக்கு அவர் இல்லை.

அவ்வாண்டுக் கணக்கில் சில எண்களுக்கு நேரே கட்டம் காலியாக வந்தது. அவற்றில் ஒன்று உங்கள் தம்பி என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டிருந்தால் எது என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. காலியாய் இருந்த கட்டங்களைக் காலியென்றே கணினியில் பதிந்து வேலையை முடித்தீர்கள். அன்று உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வு முடிந்து பெயர்கள் திறக்கப்பட்ட நாளில், இருநூற்றுப் பதினான்குக்கு நேரே இருந்த பெயரைத் திரையில் பார்த்து நீங்களே வாசித்தீர்கள்: ஏக்கநாயக்க முதியன்சலாகே கருணாதாச. பிறகு சொன்னீர்கள்:

"அப்போ மிஷின் சரியாத்தான் இருந்திருக்கு."

அம்மா, அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் இந்த மடலின் அடைமொழிகள் எல்லாம் வெறும் அலங்காரம். அன்று எங்களில் சிலர் வெளியே போய் அழுதோம். நீங்கள் அறிக்கையின் கடைசி வரியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள்: காரணம் இன்னும் அறியப்படவில்லை. இன்றும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. உங்களை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்ற துக்கம் எங்களுக்கு உண்டு.

வழக்கப்படி இங்கே நீங்கள் நீடு வாழ வாழ்த்த வேண்டும். நிலைய ஊழியர் என்பதால் இத்தனை காலம் உங்களை எந்த ஆய்விலும் சேர்க்கவில்லை. போன வாரம் ஊர்க்காரராக வரிசையில் நின்று, அடுத்த ஆய்வுக்கு நீங்களும் இரத்தம் கொடுத்தீர்கள். குப்பி மற்றவர்களுடையதோடு ஒரே பெட்டியில் எங்களிடம் வந்திருக்கிறது. எது என்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் விதிப்படி நாங்கள் கேட்கவும் மாட்டோம். நாளை காலையிலிருந்து எந்த எண் ஏறினாலும் அது நீங்களாக இருக்குமோ என்ற பயத்தோடுதான் பார்ப்போம். ஆகவே உங்களுக்கென்று தனியாக வாழ்த்த எங்களால் முடியவில்லை. அந்தப் பெட்டியில் உள்ள எல்லா எண்களும் நோயின்றி நெடுநாள் வாழ்க.

இங்ஙனம்,
தலாகொல்லாவ நீர் ஆய்வு நிலைய ஊழியர்கள்