ஐந்தாவது துளை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. காகிதத்தை நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். உட்கார்ந்ததுமே கவனித்துவிட்டேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையில் என்னை மறதிக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

குதிரையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சேணத்தை முதுகில் வைத்து, வயிற்றுக்கு அடியில் வாரை இழுத்துக் கட்டும்போது அது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். போட்டோ எடுக்கும்போது நாம் செய்வதற்கு நேர் எதிர். வாரின் பக்கிளை ஐந்தாவது துளையில் மாட்டிவிட்டு, பத்தடி நடக்க விட வேண்டும். மூச்சு இறங்கும், வார் தொளதொளவென்று ஆகிவிடும். அப்போது இன்னொரு தடவை இழுத்து ஏழாவது துளையில் மாட்டிவிட்டு, 'ரெண்டு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் பண்ணையில் யாராக இருந்தாலும் குதிரை ஏறுவார்கள். ஏறுகிறவர் குனிந்து வாரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அது சொன்னவனை அவமதிப்பது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் அக்கா புருஷன், பண்ணைக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல சட்டம்தான், பாவம்.

பத்தொன்பது வயதில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் சவாரி பழக ஒரு பல் டாக்டர் வந்தார். நான் சேணம் கட்டினேன், 'ரெண்டு' என்றேன், அவர் ஏறினார். முதல் வளைவிலேயே சேணத்தோடு சரிந்து வேலியில் முகத்தைக் கொடுத்தார். முன்பல் நாலு காலி. வேறு யாருடைய பல்லாவது போயிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். பல் டாக்டருக்கே பல் போனால் எப்படி மறப்பார்கள்? இரண்டாவது தடவை இழுக்காமலே பொய் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி, மாமா என்னை வெளியே அனுப்பினார். நான் இழுத்தேன், ஐயா.

அதோடு விட்டிருந்தால் உங்களுக்கு இந்த வேலையே இருந்திருக்காது. முப்பத்தொரு வருஷம், குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், கதையை எடுத்துவிடுவார். 'ஒத்தை இழுப்பு' என்று எனக்குப் பட்டப்பெயர். என் கல்யாணத்திலும் சொன்னார். என் மனைவி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு லிஃப்ட் கம்பெனியில் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு லிஃப்ட் விழவில்லை. அதை யாராவது கதையாகச் சொன்னார்களா?

கம்பெனியை மூடியதும் அக்காவிடம் கெஞ்சிப் பண்ணைக்கே திரும்பினேன். குதிரைகள் மாறியிருந்தன, லத்தி நாற்றம் மாறவில்லை. மாமாவுக்கு எழுபது. முழங்கால் மடங்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் முன்னால் மகாராணி மேல் ஏறி மரத்தடுப்பைத் தாண்டிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மகாராணி என்பது குதிரை. அக்காவைச் சொல்லவில்லை.

பழிவாங்கப் போனதாக எழுதிவிடாதீர்கள். ஒரு வார்த்தை வாங்கத்தான் போனேன். நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு லத்தி அள்ளிவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் லாயத்தில் கேட்டேன்.

"மாமா, அன்னைக்கு நான் ரெண்டாவது தடவையும் இழுத்தேன். ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லிடுங்களேன்."

"சொல்லிட்டா போச்சு. மொதல்ல அந்த டாக்டரோட பல்லைக் கொண்டா."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகாராணிக்குச் சேணம் கட்டினேன். மாமா பக்கத்திலேயே நின்று, வந்திருந்தவர்களிடம் என்னைக் கைகாட்டிப் பல் டாக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தடி நடத்தினேன். வார் தளர்ந்தது. பக்கிளை ஐந்தாவது துளையிலேயே விட்டுவிட்டு 'ரெண்டு' என்றேன். சரியாக அந்த நேரம் கதை முடிந்து எல்லோரும் சிரித்தார்கள். மாமா மேடைக்கல்லில் நின்று ஏறினார். என்னை எவ்வளவு கேலி செய்தாலும், நான் சொன்னதை நம்பி வாரைத் தொடவே இல்லை. அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. தடுப்பைத் தாண்டும்போது சேணம் சுழன்றது. கழுத்து முறிந்தது. மகாராணிக்கு ஒரு கீறல்கூட இல்லை, கவலைப்படாதீர்கள்.

விபத்து என்று முடித்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் மறந்துட்டியேடா" என்று அழுதாள். நீங்களும் 'பணியாளரின் மறதி' என்று எழுதிவிட்டீர்கள். இதை இன்னொரு முப்பது வருஷம் கேட்க எனக்குத் தெம்பில்லை. நான் மறக்கவில்லை. தெரிந்தேதான் இழுக்கவில்லை. பழையதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் ஞாபகத்தில் சந்தேகம் இருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பல் டாக்டர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. தெறித்த பல் நாலையும் பொறுக்கி அவர் கையில் கொடுத்தவன் நான். குதிரையைப் பிடித்து வந்து சேணத்தை அவிழ்த்தவனும் நான்தான். பக்கிள் ஐந்தாவது துளையில் இருந்தது.