அப்பா பூசின தங்கம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஐயா. ஓர் அட்டையை மடித்துக் கீழே வைத்தால் சரியாகிவிடும். குறையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் ஒரே இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஏதாவது ஆடினால் என் கை சும்மா இருக்காது.

என் வேலை கண்ணாடிச் சில்லுகளில் தங்கம் பூசுவது. ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கடைசி அறை என்னுடையது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த கூண்டுக்குள் தங்கக் கம்பியைச் சூடாக்கினால் அது ஆவியாகிக் கண்ணாடியில் படியும். எல்லோரும் என்னைத் தங்கம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள், "வீட்டுக்குக் கொஞ்சம் சுரண்டிட்டுப் போறதில்லையா அண்ணே?" என்று. ஒரு வருடம் பூசியதை மொத்தமாகச் சுரண்டினாலும் ஒரு மோதிரம் தேறாது என்பேன். சிரிப்பார்கள்.

மாடியில் என் மகள் ஆராய்ச்சி செய்தாள். இருபத்தெட்டு வயதாகிறது, எனக்கு இன்னும் பாப்பாதான். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அவள் அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். இரண்டே வருடம் என்று சொல்லிப் போனவள் வரவில்லை. கடிதங்கள் வந்தன. குழந்தை மனசு குழம்பும் என்று நான் அவற்றைக் கொடுக்கவில்லை. தலை பின்னிவிடுவதிலிருந்து காய்ச்சலுக்குக் கண்விழிப்பதுவரை எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வரிசையாகச் சொன்னால் நீங்கள் எழுத வசதியாக இருக்கும்.

நான் பூசிய தங்கத்தை அவள் ஒரு கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊற வைப்பாள். அதிலிருக்கும் மூலக்கூறுகளுக்கு ஒரு முனையில் கந்தகம். கந்தகத்துக்குத் தங்கம் என்றால் உயிர். போய் ஒட்டிக்கொள்ளும், வால் மேலே நிற்கும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று பிரஷ் மயிர் மாதிரி நெருக்கி நின்றுவிடும். ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஒரு படலம். "நாம ஒண்ணும் அடுக்க வேண்டாம்ப்பா. இடம் சுத்தமா இருந்தாப் போதும், அதுங்களே வந்து நின்னுக்கும்" என்பாள். அப்படி ஒரு படலத்தை வைத்து, ஒரு சொட்டு ரத்தத்தில் சிறுநீரக நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சில்லு செய்வது அவள் ஆசை.

படலம் சரியாக வந்ததா என்று பார்க்கத் தண்ணீர்ச் சொட்டு வைப்பார்கள். சரியாக இருந்தால் சொட்டு உருண்டு நிற்கும். எங்காவது இடைவெளி விட்டிருந்தால் சப்பையாகிவிடும். போன வருடம் ஒரு நாள் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, வந்து பாரேன்" என்றாள். பார்த்தேன். சொட்டு முத்து மாதிரி நின்றது. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இல்லை.

அடுத்த வாரம் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. இதே பலனைப் புதிய சில்லுகளில் மூன்று முறை காட்டி அனுப்பினால் மூன்று வருடம் அங்கே வேலை. "மூணே வருஷம்தாம்ப்பா" என்றாள். "போயிட்டு வாம்மா" என்றேன். பிள்ளைகளின் வழியில் குறுக்கே நிற்கும் ஆள் இல்லை நான்.

கூண்டின் கதவில் காற்றுப் புகாமலிருக்க ஒரு கிரீஸ் தடவுவோம். அதை ஒரு துணியில் தொட்டு, துணியை நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தத் துணியால் சில்லின் மேல் ஒரே ஒரு முறை லேசாக ஒற்றினேன். கண்ணுக்குத் தெரியாது. தங்கம் பளபளவென்றுதான் இருக்கும். அவளுக்குப் போகும் சில்லுகளில் மட்டும் இப்படிச் செய்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்தது எல்லாம் சுத்தம். பதிவேட்டைப் பாருங்கள், ஒருவர்கூடப் புகார் எழுதியிருக்க மாட்டார்கள். வேலையில் நான் கவனமாக இருப்பேன்.

சொட்டு சப்பையானது. தன் கைத் தவறு என்று நினைத்தாள். கரைசலை மாற்றினாள், குப்பியை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். மறுபடி சப்பை. ஒரு நாள் நான் புதிய சில்லுகளோடு மேலே போனபோது அவளுக்கு மேலிருக்கும் பேராசிரியை அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கத்தை ஒரு தடவை வெளியிலேர்ந்து வாங்கிப் பாரேன்."

"எங்கப்பா பூசினது மேடம். அதுல தப்பு இருக்காது."

வாசலில் சில்லுத் தட்டோடு நின்றிருந்தேன். மனசு நிறைந்துவிட்டது, ஐயா. இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள்? தட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

நான்கு மாதம் இப்படியே போனது. முதல் பலனே அவள் ஜோடித்தது என்று கூடத்தில் பேசத் தொடங்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பேராசிரியை அவளுடைய குறிப்பேடுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். சின்ன வயதில் வாயைத் திறப்பது போலவே திறந்தாள். எல்லாம் மெல்லச் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன்.

"நான் பொய் சொன்னேன்னு நினைக்கிறியாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சேச்சே, யாரு என்ன சொன்னா என்னம்மா? வேலையை விட்டுட்டு வீட்ல இரு. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் விடவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு வாரம் தவணை கொடுத்திருந்தார்கள். எனக்குப் பயம் வந்தது. பயத்தில் செய்கிற வேலை சுத்தமாக இருக்காது. அந்தக் கடைசித் தட்டில், பன்னிரண்டு சில்லுகளிலும், கிரீஸ் கொஞ்சம் கூடிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பிசுக்குத் தெரிந்திருக்கும். அவள் பார்த்திருக்கிறாள். கீழே வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பா மனசு நோகும் என்று நினைத்திருப்பாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். பிறகு கடும் அமிலமும் பெராக்சைடும் கலந்து சூடேறியிருந்த கரைசலில் கழுவப் போட்டாள். ஸ்பிரிட் காயாமல் அதில் போடக்கூடாது, வெடிக்கும். அது அவளுக்குத் தெரியாதா? மற்றவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் நான்கு மாதமாகச் சரியாகத் தூங்காதவள். முகக் கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருந்தாள்.

காலை பதினொன்று இருக்கும். சத்தம் கீழே எனக்குக் கேட்டது. இயந்திரத்தை முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் மேலே ஓடினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணும் போய்விட்டன. கட்டுப் போட்ட முகத்தோடு அவள் முதலில் கேட்டது, "அப்பா, பன்னெண்டும் வீணாப் போச்சா?" என்று. போர்வையை இழுத்துவிட்டேன். "மன்னிச்சிடுப்பா. நீ பாத்துப் பாத்துப் பூசினது" என்றாள்.

விபத்துக்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு என்று உங்கள் விசாரணை அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். முந்தாநாள் நான்தான் அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். கீழே கையெழுத்துப் போட இடம் எது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். எழுத்துக் கோணலாக வந்தது. அச்சுப் பிசகாமல் எழுதுகிறவள். அதைப் பார்த்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

அவள்மேல் தவறு இல்லை. அவள் ஜோடிக்கவும் இல்லை. அந்த முதல் சொட்டு உண்மையாகவே நின்றது. அதன் பிறகு ஒன்றும் நிற்காமல் செய்தது நான். அவள் கண்ணைப் பறித்ததும் நான்தான். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. இதை அவளிடம் சொல்ல வேண்டாம். இயந்திரத்தில் ஏதோ பழுது என்று சொல்லிவிடுங்கள், நம்புவாள். என்னையும் போலீஸ், ஜெயில் என்று எங்கும் அனுப்பிவிடாதீர்கள். மணி பன்னிரண்டரை ஆகப்போகிறது. நான் போய் ஊட்டாமல் அவள் சாப்பிட மாட்டாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், ஐயா?