வெளியேறாமல் விட்ட கணக்கு

பிரவுசரின் வலது மேல்மூலையில் புதிர்த்துண்டு போல ஒரு சின்னம் இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. புதிதாகச் சேர்க்கிற நீட்சிகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், அதற்குள்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். இவர்கள் காணோம், காணோம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். தேஜோனில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பதினெட்டு வருஷமாகக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். யாரையும் ஏமாற்றியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

சோதாம் போன வருஷம் டிசம்பரில் வந்தாள். என் மகள் இன்யங்கின் வகுப்புத் தோழி. அவள் அம்மா எதிரே தொடுகறிக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பெண்களும் ஒரே பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். சோதாமுக்குக் கடைசி இடம் கிடைத்தது. இன்யங் காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள்.

அந்த வாரம் எதிர்க்கடைக்காரியைப் பார்த்திருக்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். என் மனைவியிடம், "கவலப்படாதீங்க இன்யங் அம்மா, யாராச்சும் ஒருத்தர் விலகாமலா போயிடுவாங்க?" என்றாள். ஆறுதலாம்.

சோதாமுக்கு மதிப்பெண் வரும், கடவுச்சொல் மட்டும் மனதில் நிற்காது. தப்புத் தப்பாக அடித்து இரண்டு தடவை பல்கலைக்கழகக் கணக்கே பூட்டிக்கொண்டது. அதனால் கடவுச்சொற்களை நினைவில் வைத்துத் தானே நிரப்பும் நீட்சி, கடவுச்சொல் காப்பான் ஒன்றைப் போட்டிருந்தாள். அது பல்கலைக்கழகத் தளத்தில் மட்டும் வேலை செய்யவில்லை.

"மாமா, மறுபடி பூட்டிக்கிச்சுன்னா என் சீட்டு போயிடும். எப்படியாச்சும் இத ஓட வெச்சுக் குடுங்க."

"உக்காரும்மா. இதெல்லாம் ஒரு வேலையா?"

அந்தத் தளம் விசைப்பலகைக் காவலுக்கென்று தன் நிரல் ஒன்றை நம் கணினியில் ஏற்றிவிடும். விரலால் தட்டாமல் வந்து விழும் எழுத்தெல்லாம் அதற்குத் திருட்டு. ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள் மல்லுக்கு நின்றால் எப்படி? ஒன்றை அடக்கி வைத்தேன். சரிபார்க்க, அவளுடைய காப்பான் கணக்கை என் கடைக் கணினியிலும் திறக்கச் சொன்னேன். காப்பானைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல்லை அவளே அடித்தாள். நான் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டிலும் வேலை செய்தது. என் கண்ணெதிரிலேயே சேர்க்கையை உறுதி செய்துவிட்டு, தலை குனிந்து வணங்கிப் போனாள்.

என் கணினியில் அவள் கணக்கை மூடவில்லை. அன்றைக்கு அது மறதி.

எங்கள் வீட்டில் இன்யங் கைபேசியைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனாள். இடம் காலியானால் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பார்கள். மூன்று முறை எடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அழைப்பு வரவில்லை. நான்காம் நாள், "அப்பா, சோங்ஜுவுல சீட்டு கெடச்சிருக்குல்ல, நான் அங்கயே நர்ஸிங் படிக்கிறேன். எனக்கு அதுவும் புடிச்சிருக்கு" என்றாள். களைப்பில் வந்த பேச்சு. பெற்றவனுக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை மதியம் நூடுல்ஸ் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, அந்தத் தளத்தைத் திறந்தேன். பெயரையும் கடவுச்சொல்லையும் நீட்சியே நிரப்பிக்கொண்டது. நான் ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. 'சேர்க்கையிலிருந்து விலகு' என்று இருந்தது. அமுக்கினேன். திரும்பப் பெற முடியாது, உறுதிதானா என்று கேட்டது. யோசித்தேன். நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை.

மூன்று மணிக்கு இன்யங்குக்கு அழைப்பு வந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

எதிர்க்கடையில் சத்தம் கேட்டது. "நீயே எதையோ அமுக்கித் தொலைச்சிருக்க. வேற எவன் வந்து அமுக்குவான்?" என்று அம்மாக்காரி கத்தினாள். அவள் கணக்கிலிருந்துதான், அவள் கடவுச்சொல்லில்தான் விலகல் வந்தது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. சோதாம் என்னிடம் வந்தாள். நான் கால் மணி நேரம் அவள் கணினியை நோண்டினேன்.

"மாமா, எனக்கே தெரியாம நான் பண்ணியிருப்பேனா?"

"பரீட்சைப் பதட்டத்துல தூக்கத்துல எழுந்து பண்றவங்க உண்டும்மா."

இது பொய்யில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதிலிருந்து படுக்கும்போது அம்மா அவள் மணிக்கட்டுகளை நாடாவால் சேர்த்துக் கட்டிவிடுகிறாள். அவளே கேட்டுக்கொண்டாளாம். மாத்திரையும் சாப்பிடுகிறாள். மறுபடி பரீட்சை எழுதவில்லை. கடையில் கறி அள்ளிப் போடும்போது இடையில் நிறுத்தித் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று அவள் அம்மாவுக்குச் சொன்னவன் நான்தான். அந்தக் குடும்பத்துக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை.

போன மாதம் விடுமுறைக்கு வந்த இன்யங் கடைக் கணினியில் ஏதோ அச்செடுக்க உட்கார்ந்தாள். மேல்மூலையில் அந்தச் சின்னத்தை அமுக்கியிருக்கிறாள்.

"அப்பா, சோதாம் கணக்கு இங்க ஏன் திறந்திருக்கு?"

"வேலை விஷயம். உனக்கெதுக்கு?"

அவள் கணினியை அணைத்துவிட்டு எழுந்தாள். சாப்பிடாமல் கல்லூரிக்கே திரும்பிவிட்டாள். புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். கொடுக்கட்டும். அமுக்கியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண் படிக்க வேண்டும் என்பதற்காக அமுக்கினேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் சரியாக விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை இன்யங் தன் கணக்கில் நுழைந்து, படிப்பே வேண்டாம் என்று விலகிக்கொண்டதாகப் பல்கலைக்கழகத்தில் சொல்கிறார்கள். என் மகள் அப்படிச் செய்யமாட்டாள். எவனோ அவள் கணக்குக்குள் புகுந்திருக்கிறான். அடுத்தவன் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் கை வைத்த அந்த ஈவிரக்கமில்லாதவனைத் தேடிப் பிடியுங்கள், இன்ஸ்பெக்டர்.