காத்து எடுக்க அரை மணி நேரம்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், சிராங்கூன் ரோட்டுல குடிச்சிட்டுத்தான் வந்தேன். முதல்ல எல்லாரும் அந்த லாஞ்ச் படகோட எஞ்சினைத் திட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க. படகு முதலாளி டவ்க்கே அதைப் பழைய இரும்புக்குப் போடப் போறாராம். பாவம், அது மேல ஒரு குத்தமும் இல்லை.

நான் வேலாயுதம், கிளினிக் லாஞ்ச் ஓட்டுறவன். வாரம் ஒரு தடவை நர்ஸ் கமலாம்பிகையைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடணும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். என்னை ‘அண்ணை’ன்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கெல்லாம் மனசு உடையக் கூடாது சார். அவங்க பேச்சுல பஸ் கண்டக்டரும் அண்ணைதான், ஐஸ்காரரும் அண்ணைதான்.

முதல் தடவை எஞ்சின் தானாத்தான் நின்னுச்சு, சத்தியமா. டீசல் குழாய்ல காத்து புகுந்துட்டா ஓடாது. ஃபில்டர் மேல இருக்கிற திருகைத் தளர்த்திட்டு, பம்ப் லீவரைக் கையால அடிக்கணும். நுரை நுரையா வரும். நுரை நின்னு சுத்த டீசல் வந்ததும் திருகை இறுக்கணும். அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் அதே மாதிரி. எனக்குக் கை பத்தலைன்னு நர்ஸம்மாவே வந்து லீவரை அடிச்சாங்க. வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில டீசல். சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

அப்புறம் நானே நிறுத்த ஆரம்பிச்சேன். பெரிய வித்தை இல்லை. டேங்க்குலேர்ந்து வர்ற குழாயோட நட்டைக் கொஞ்சம் தளர்த்தினாப் போதும். டீசல் வெளியே ஒழுகாது, காத்து மட்டும் உள்ளே போகும். எவ்வளவு தளர்த்தினா நடுக்கடல்ல நிக்கும்னு பழகிட்டேன். சரி பண்ண அஞ்சு நிமிஷ வேலை. நான் அரை மணி நேரம் ஆக்குவேன். அவங்க தங்கச்சி கல்யாணம், மேட்ரனோட கோபம்னு எல்லாம் பேசுவாங்க. “இந்த எஞ்சினுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல”ம்பாங்க. ரொம்பப் பிடிச்சதாலதான் நிக்குதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னதில்லை. நான் கூச்ச சுபாவம்.

அந்த நாளும் அவங்க தீவுல நோயாளி பாத்துக்கிட்டிருந்தப்பவே நட்டைத் தளர்த்திட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, தீவுக் கடைக்காரர் அப்துல் ஹமீது பெண்சாதி ஆமினா பீவிக்குப் பிள்ளை பிறந்து ரத்தம் நிக்கலைன்னு. கட்டிலோட படகுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாப் பிழைச்சுக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஸ்பேனர் என் இடுப்புலதான் இருந்தது. இறுக்கியிருக்கலாம். ஆனா அவங்க எஞ்சின் பக்கத்துலயே நின்னாங்க சார். ஓடுற எஞ்சினுக்கு இவன் எதுக்குப் போய் அந்த நட்டை இறுக்குறான்னு தோணாதா?

வழக்கமான இடத்துல நின்னுச்சு. இப்ப நீங்களே யோசிங்க. அஞ்சு நிமிஷத்துல ஓட வெச்சிருந்தா, இத்தனை மாசமா அரை மணி நேரம் எதுக்காச்சுன்னு அவங்க கேப்பாங்களா இல்லையா? படிச்சவங்க. அதனால எப்பவும் போலவே செஞ்சேன். ஒவ்வொரு நட்டையும் துணியால துடைச்சேன். சுத்த டீசல் வந்த பிறகும், இன்னும் நுரை இருக்குன்னேன்.

“அண்ணை, கெதியாப் பாருங்கோ. ஆமினா என்ர கையிலயே போயிடுவா.”

“அவசரப்பட்டா மறுபடி நின்னுடும்லா”ன்னேன்.

ஆமினா பீவி தண்ணி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எஞ்சின் ஓட ஆரம்பிச்சப்போ கேக்கலை.

இந்தக் கரைப் படகுத்துறையில, கூட வந்த அப்துல் ஹமீது குழந்தையை ஒரு கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால என் எண்ணெய்க் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்கண்ணேன்னு சொல்லி அழுதாரு. நானும் அழுதேன். நல்ல மனுஷன். நர்ஸம்மாவும் விசாரணையில, டிரைவர் பாவம், உயிரைக் கொடுத்துப் பாடுபட்டாருன்னுதான் சொன்னாங்க.

அடுத்த வாரமும் தளர்த்தினேன். ஏன் முறைக்கிறீங்க? அதுவரைக்கும் நின்ன எஞ்சின் திடீர்னு நிக்காம ஓடினா சந்தேகம் வராதா? அதுக்கடுத்த வாரமும் தளர்த்தினேன். அப்படித் தளர்த்தினதைத்தான் நேத்து உங்க மெக்கானிக் கண்டுபிடிச்சிட்டாரு. கெட்டிக்காரர்.

அந்த ரெண்டு வாரமும் நர்ஸம்மா பண்ணினதைக் கேளுங்க. எஞ்சின் நின்னதும், அந்தக் கட்டில் இருந்த இடத்தைத் தாண்டி வந்து, லீவரைப் பிடிச்சு அடிச்சாங்க. அரை மணி நேரமும் அழுதுகிட்டே அடிச்சாங்க. என் மேல மனசுல ஒண்ணுமே இல்லாமலா சார் ஒரு பொண்ணு எனக்காக அப்படி அழுவா?