ஒன்பது முறை திருப்பிய செயலி

போன் திரையில் விரல் ரேகை இருந்தால் எனக்கு வேலை ஓடாது. அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி இருக்கும். அதைத்தான் நீங்கள் அந்தக் கவரில் போட்டு வைத்திருக்கிறீர்கள். விசாரணை முடிந்ததும் கொடுத்துவிடுங்கள்.

பதினோரு வருடமாகப் போன் கம்பெனியில் செயலிகளைப் பரிசோதிக்கிறேன். யார் அனுப்பினாலும் நான் பார்த்துச் சரி என்றால்தான் எங்கள் செயலிக் கடைக்குள் வரும். ஒருத்தரும் விதியைப் படிப்பதில்லை. திருப்பி அனுப்பினால் மட்டும் பக்கம் பக்கமாகத் திட்டு வரும். எத்தனை முறைதான் ஒன்றையே சொல்வது? சலித்துப்போகாதா மனுஷனுக்கு?

என் தங்கை கணவரும் அப்படித்தான். மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. அவள் கையில் ஒட்டிய கருவியோடு சேர்ந்து ஓட ஒரு செயலியை அவரே எழுதினார். சர்க்கரை இறங்கினால் அவள் போன் வீடே அதிர அலறும். நல்ல செயலிதான், இல்லை என்று சொல்லவில்லை. மருத்துவச் சான்று இல்லை. ஒன்பது முறை அனுப்பினார், ஒன்பது முறையும் நானே திருப்பினேன். சொந்தக்காரர் விண்ணப்பத்தை வேறொருவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. தள்ளினால் எவனாவது இரக்கப்பட்டு விட்டுவிடுவான்.

அவர் எங்கள் கடையை விட்டுவிட்டு, நேராக மகள் போனிலேயே ஏற்றிவிட்டார். அப்போது அதற்கு வழி இருந்தது. சொந்தபந்தம் கூடினால் போதும், "போன் நம்மளுது, சாவி மட்டும் மச்சான் இடுப்புல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வயிறு எரியும்.

போன மாதம் அந்த வழியை அடைத்தோம். புது அப்டேட் போட்டால் வெளியிலிருந்து ஏற்றிய செயலிகள் ஓடாது. திரையில் அவற்றின் படம் மட்டும் அப்படியே நிற்கும்.

ஞாயிறு மதியம் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மருமகள் போனை நீட்டினாள்.

"மாமா, அப்டேட் கேட்டுக்கிட்டே இருக்கு. அப்பா வேணாங்கிறாரு."

"உங்கப்பாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். குடும்மா."

நானே அழுத்தினேன். முடிந்ததும் திரையைத் துடைத்துக் கொடுத்தேன், பழக்கதோஷம். அவள் சாப்பாட்டுக்கான இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்து படுக்கப் போனாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். "இவ்வளவு நேரம் தூங்க மாட்டாளே."

"உக்காருங்க மாப்பிள்ளை. ஏதாவதுன்னா போன் அடிக்கும்ல? உங்க செயலி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

உட்கார்ந்துவிட்டார். அவர் செயலியை நான் மெச்சியது அதுதான் முதல் முறை, மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இரண்டாம் முறை எழுந்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாவதாகப் போய்ப் பார்த்தது தங்கை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொன்றது நான்தானா என்று கேட்கிறீர்கள். ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வன்மம் என்று மட்டும் எழுதாதீர்கள். பத்தாவது விண்ணப்பம் புதன்கிழமையே வந்திருந்தது, மருத்துவச் சான்றோடு. திறந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை அனுமதித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வரிசை என்று ஒன்று இருக்கிறதில்லையா.